பாரதியை விடுவித்த கதையும் நான் வெட்டிய இரண்டு வரிகளும்

போன மாதம் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் காலை நடை போகிற நாங்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நொய்யல் ஆற்றையும் அதன் குளங்களையும் பற்றி யாரோ எழுதிய கட்டுரை ஒன்று எனக்கு வந்தது. அருமையான கட்டுரை. உடனே குழுவில் போட்டேன். போடும்போது கடைசியில் இருந்த இரண்டு வரிகளை வெட்டினேன். எழுதியவர் பெயரும், எங்கே வெளிவந்தது என்ற விவரமும் அந்த இரண்டு வரிகளில்தான் இருந்தன. நீளமாக இருக்கிறதே என்று வெட்டினேனே தவிர, வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

என் குழுவிலிருந்து அது பத்துக் குழுக்களுக்குப் போயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு விழா மலரில் அதே கட்டுரை வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது. எழுதிய அம்மா குளம் குளமாக ஏறி இறங்கிச் சேர்த்த விவரங்கள் அத்தனையும் இப்போது இன்னொருவர் கணக்கில்.

குழுவில் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "ஏனுங்க, பாரதியார் பாட்டையே நாட்டுடைமை பண்ணிட்டாங்க. நல்ல எழுத்து நாலு பேருக்குப் போகோணும். அதுல என்னங்க தப்பு?" என்று கேட்டார். நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் பாரதியின் எழுத்து எப்படிப் பொதுச் சொத்தானது என்பதை மறுபடி படித்துப் பார்த்தபோது, அந்தக் கதையிலேயே அவருக்கான பதில் இருப்பது தெரிந்தது. கதையில் நம் கொங்குநாட்டுக்காரர்கள் மூன்று பேருக்கும் பங்கு உண்டு.

1921 ஜூலை இறுதியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலை விழாவுக்குப் பாரதி வந்தார். மனிதனுக்கு மரணமில்லை என்பது அவர் பேச்சின் பொருள். அடுத்த ஆறு வாரத்தில், செப்டம்பரில், சென்னையில் காலமானார். வயது 39 கூட நிறையவில்லை.

சாவதற்கு ஓராண்டு முன்னர்தான் தம் எழுத்துகள் எல்லாவற்றையும் நாற்பது புத்தகங்களாக அச்சிட ஒரு பெரிய திட்டம் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி. தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போல வீட்டுக்கு வீடு அவை சாதாரணமாக விலைபோகும் என்று நம்பினார். அச்சிடக் கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. ஆக, தம் எழுத்து எல்லோரிடமும் பரவ வேண்டும் என்று விரும்பிய அதே மனிதர், அது விற்றுத் தம் குடும்பம் பிழைக்க வேண்டும் என்றும் விரும்பினார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று அவர் நினைக்கவில்லை.

அவர் போன பிறகு மனைவி செல்லம்மாவுக்கு மிஞ்சியது இரண்டு பெண்களும் கைப்பிரதிகளும்தான். 1922இல் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் அவரே நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். நடத்த முடியவில்லை. பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதன், ஹரிஹர சர்மா, மருமகன் நடராஜன் ஆகியோர் சேர்ந்து பாரதி பிரசுராலயம் தொடங்கினார்கள். 1928இல் அரசாங்கம் தேசிய கீதங்களுக்குத் தடை போட்டது. பிரதிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அந்தத் தடையை எதிர்த்து வாதாடினார். அந்த நெருக்கடியையும் தாங்கிப் பாரதியின் நூல்களை அச்சில் வைத்திருந்தவர்கள் பிரசுராலயத்தார்தான். 1931இல் செல்லம்மா உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். கையில் காசில்லாத விதவை, கணவர் விட்டுப்போன ஒரே சொத்தை விற்றார். அவ்வளவுதான்.

அடுத்து வந்தது இசைத்தட்டு, வானொலி, பேசும்படம். பாட்டை அச்சிடும் உரிமை ஒன்று, இசைத்தட்டில் பதிக்கும் உரிமை இன்னொன்று. இந்த இரண்டாவது உரிமை 1934இல் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகருக்கு விற்கப்பட்டது. அவரிடமிருந்து அதை ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடியிருந்தார். சுதந்திரம் வரப்போகும் ஆண்டு. ஊர் ஊராகக் கொட்டகைகள் நிரம்பின.

அதே 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் திறந்தார்கள். மக்களிடம் நிதி திரட்டிக் கட்டிய மண்டபம். ஆனால் மண்டபம் கட்டிய மக்கள், அந்தக் கவிஞரின் பாட்டைப் படத்தில் பாட வேண்டுமானால் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்!

கேட்காமல் பாடியவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். சுதந்திரப் போராட்டக் காலத்திலேயே 'தேசபக்தி' நாடகத்தில் பாரதி பாட்டுகளை மேடையேற்றியவர்கள் அவர்கள். 1948இல் தங்கள் 'பில்ஹணன்' படத்திலும் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை என்னுடையது என்று மெய்யப்பச் செட்டியார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். டி.கே. சண்முகம் பணிந்து போகவில்லை. பாரதி தமிழர் எல்லோருக்கும் சொந்தம் என்ற நிலையிலேயே நின்றார்.

இந்த இடத்தில் செட்டியாரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவர் யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. சட்டப்படி விலை கொடுத்து வாங்கியிருந்தார், பத்திரம் கையில் இருந்தது. சண்முகத்தின் பக்கமோ சட்டம் இல்லை, நியாயம் இருந்தது. சட்டமும் நியாயமும் எதிரெதிரே நிற்கும்போது என்ன செய்வது? அந்தத் தலைமுறை செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அவர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சண்முகமும் எழுத்தாளர் நாரண துரைக்கண்ணனும் அதில் முன்னால் நின்றார்கள். சட்டம் தெரியாத ஆவேசக் கூட்டமாக இருந்திருந்தால், "நாங்கள் பாடத்தான் செய்வோம்" என்று அறிக்கை விட்டு முடித்திருப்பார்கள். இவர்கள் திருநெல்வேலிக்குப் போனார்கள். அங்கே இருந்த செல்லம்மாவைப் பார்த்து, விஷயத்தைச் சொல்லி, அவருடைய சம்மதத்தைக் கேட்டு வாங்கினார்கள். சட்டப்படி அவரிடம் அப்போது விற்க எதுவும் மிச்சமில்லை. எல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது. ஆனாலும் அவரைக் கேட்காமல் செய்வது முறையில்லை என்று அவர்களுக்குத் தோன்றியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் நம் கோவைக்காரர், ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். அரசு கோரிக்கையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த உரிமையை ஒரு காசும் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். நூல் உரிமைக்காக விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் மகள்கள் தங்கம்மாளுக்கும் சகுந்தலாவுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். 1949 மார்ச்சில் பாரதியின் எழுத்து அரசின் உடைமையாயிற்று. 1955இல் கல்வித் துறை இன்னொரு கொங்குநாட்டுக்காரரான சி. சுப்பிரமணியம் கையில் இருந்தபோது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அது மக்களிடமே விடப்பட்டது. செல்லம்மா மறைந்ததும் அந்த ஆண்டில்தான்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்கு. அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அரசு தலையிடாவிட்டால் 1971 முடியும்வரை பாரதிக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்கும். 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991இல் முடிய வேண்டிய உரிமை, சட்டத்தையே திருத்தி அறுபது ஆண்டுகளாக்கியதால் 2001 வரை விசுவபாரதியிடம் இருந்தது. காந்தியின் எழுத்துகளுக்கு 2008 முடியும்வரை நவஜீவன் அறக்கட்டளை உரிமை வைத்திருந்தது. இத்தனைக்கும் 'இந்திய சுயராஜ்யம்' நூலின் 1910ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் உரிமை எதுவும் ஒதுக்கப்படவில்லை என்று அச்சிட்டவர் காந்தி! உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாரதி கவிதைகள் பத்துப் பதிப்பகத்தின் பெயரில் பத்து அளவில் கிடக்கின்றன. அது 1949இன் பலன்.

இப்போது ஆசிரியர் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நாட்டுடைமை என்றால் என்ன நடந்தது? உரிமை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் தேடிப்போய்க் கேட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். பாட்டுக்கு இருந்த விலையை எடுத்தார்கள். பாட்டின் மேல் இருந்த பெயரை எடுக்கவில்லை. நான் செய்ததோ தலைகீழ். யாரையும் கேட்கவில்லை, எதையும் கொடுக்கவில்லை, பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

பாரதிக்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. 2009இல் அறிவிப்பு வந்தபோது கண்ணதாசன் குடும்பத்தாரும் சுந்தர ராமசாமி குடும்பத்தாரும் வேண்டாம் என்று சொன்னார்கள். சிலருக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு குடும்பத்துக்கு உரிமை உண்டு என்பதும் முறையின் ஒரு பகுதிதானே?

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் எழுதிய கணமே அது அவருடையது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது என்பதால் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் அறுபது ஆண்டுகள் உரிமை உண்டு. சொந்தப் படிப்புக்கும் விமரிசனத்துக்கும் அளவோடு எடுத்தாளலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது 57ஆவது பிரிவு. எழுதியவர் உரிமையை முழுவதும் விற்றுவிட்டாலும், "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமையும், தம் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் அவரிடமே இருக்கும். பணத்துக்கு விற்கக்கூடியது வேறு, பெயர் வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது.

பிறர் எழுத்தைப் பகிர்வது எப்படி என்று காட்டியவரும் நம் பக்கத்துக்காரர்தான். மொடக்குறிச்சி அருகே பிறந்த பெரியசாமித் தூரன், அவினாசிலிங்கத்தின் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். சுதேசமித்திரனின் பழைய இதழ்களில் பாரதியின் எழுத்துகள் புதைந்து கிடந்தன. தூரன் அவற்றைத் தேடி உட்கார்ந்து கையால் நகல் எடுத்தார். அந்த உழைப்பு 1953இல் 'பாரதி தமிழ்' என்ற நூலாக வந்தது. எது எப்போது எழுதப்பட்டது என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. நாம் ஒரு விரலால் செய்கிற காரியத்தை அவர் பேனாவால் பக்கம் பக்கமாகச் செய்தார். அதனால்தானோ என்னவோ, அவருக்கு எதையும் வெட்டத் தோன்றவில்லை.

இன்று பாரதி சொன்னதாகத் தினமும் காலையில் வருகிற செய்திகளில் பாதி பாரதி எழுதியதே அல்ல. பெயரை வெட்டுவது ஒரு தவறு என்றால், இல்லாத பெயரை ஒட்டுவது இன்னொன்று. இரண்டிலும் ஏமாறுவது படிக்கிறவர்தான்.

கடைசியாக, கட்டுரை எழுதிய அம்மாவைத் தேடிப் பிடித்தேன். போனில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பரவால்லீங்கய்யா, நாலு பேரு படிச்சாச் சந்தோசந்தான். எம் பேரு இருந்திருந்தா, இன்னொரு குளத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராச்சும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாங்க. அதுதான் போச்சு" என்றார்.

அந்த மலருக்கும் கடிதம் எழுதினேன். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் கட்டுரையை மறுபடி முழுதாகப் போட்டேன், அந்த இரண்டு வரிகளோடு. ஆசிரியர் நண்பர் அதைப் படித்துவிட்டு, "இந்தம்மா நம்ம ஊர்ப் பக்கந்தானுங்களா? குறிச்சிக் குளத்தைப் பத்தி எனக்கு ஒரு விசயம் தெரியுமுங்க. நம்பர் இருந்தாக் குடுங்க" என்று கேட்டார்.

அந்த அம்மாவைக் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.