வாரியமும் சங்கமும்: பேராக் தமிழ்ப்பள்ளிகளில் யார் யாருக்குப் பதில் சொல்வது?

பேராக் மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பள்ளிக்குப் போனாலும் இரண்டு அமைப்புகளின் பெயர் காதில் விழும். ஒன்று பள்ளி மேலாளர் வாரியம், மற்றொன்று பெற்றோர் ஆசிரியர் சங்கம். பரிசளிப்பு விழா மேடையில் இரண்டின் தலைவர்களும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். மாலை மரியாதையிலும் குறை இருக்காது. ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது? கட்டட நிதியில் மீதம் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரில் ஒருவனாக இந்தக் கேள்வியை இரண்டு அமைப்புகளின் முன்னும் வைக்கிறேன்.

சங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம், அது எல்லாருக்கும் தெரிந்தது. பிள்ளை பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து பெற்றோர் அதில் உறுப்பினர். 1998-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது இயங்குகிறது. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கறிக்கை, முன்மொழிந்து வழிமொழிந்து புதிய செயற்குழு. தலைமையாசிரியர் ஆலோசகர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய நன்கொடை எங்கே போனது, விளையாட்டுப் போட்டிக்கு எடுத்த சட்டைக்கு எவ்வளவு ஆனது என்று எந்தத் தாயும் எழுந்து கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள், பதிலும் வந்திருக்கிறது.

வாரியம் வேறு வகை. அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வைப்பது சட்டத்தின் கட்டாயம், எப்படி வைப்பது தோட்ட மேலாளரான துரையின் விருப்பம். கொட்டகையிலும் நடந்தது, கோயில் ஓரத்திலும் நடந்தது. நிலம் கம்பெனியுடையது, பள்ளியின் நிர்வாகி துரை. பால் வெட்டப் போன தாய்தகப்பன் அவரிடம் கணக்குக் கேட்கும் வழக்கமே கிடையாது. கேட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்ற பயம் இருந்த காலம் அது.

நகரத்தில் கதை கொஞ்சம் மாறும். ஈப்போவில் செட்டியார் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, பேராக் சங்கீத சபா தமிழ்ப்பள்ளி இருக்கிறது, செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, அரசினர் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. நகரத்தார், சபை, திருச்சபை, அரசு என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கை. சுங்கை சிப்புட்டில் துன் வீ. தி. சம்பந்தன் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். கொடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்ததால், கேட்க வேண்டியவர் யார் என்பதும் தெரிந்திருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. சனங்கள் நகரத்தின் ஓரங்களுக்குப் போனார்கள். பள்ளி மட்டும் அங்கேயே நின்றது, வேனில் வந்திறங்கும் சில பிள்ளைகளோடு. 150 பேருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். அதைவிடக் குறைந்தால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிப் பாடம் நடத்த வேண்டும். துரை உட்கார்ந்த இடத்தில் இன்று வாரியம் உட்கார்ந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது.

இங்கேதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகிறது. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் அவற்றின் பராமரிப்பும் பெரும்பாலும் வாரியத்தின் தலையில். சங்கத்தின் கையில் புழங்குவது ஆயிரங்கள். அதற்குத் தணிக்கையும் உண்டு, கேள்வியும் உண்டு. வாரியம் பேசுவதோ ஏக்கர் கணக்கில், லட்சக்கணக்கான ரிங்கிட்டில். அந்தப் பேச்சு நடக்கும் அறைக்குள் சாதாரணப் பெற்றோருக்கு இடமில்லை. பெற்றோர் சார்பில் ஒரு சிலர் வாரியத்தில் இருப்பார்கள்தான். அவர்கள் திரும்பி வந்து பொதுக்கூட்டத்தில் அறிக்கை வைத்ததை நான் பார்த்ததில்லை. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 5 கோடி ரிங்கிட் என்று செய்தி வந்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம். நம் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எந்தக் குத்தகையாளர் எதைச் செய்தார் என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் தேடினேன். உணவுப் பட்டியலும் தேர்வு அட்டவணையும்தான் இருந்தன.

அதற்காக வாரியம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டில் கல்வி மத்திய அரசின் கையில், நிலம் மாநில அரசின் கையில். தோட்டத்தை விற்க ஒரு கம்பெனி முடிவு செய்தால், பள்ளிக்கு இரண்டு ஏக்கராவது விடுங்கள் என்று கம்பெனியிடம் பேச வேண்டும். நில அலுவலகத்துக்கும் மந்திரி புசார் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும், பிறகு புத்ராஜெயாவுக்கும் போக வேண்டும். பல ஆண்டு இழுக்கும் வேலை இது. பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்ததும் சங்கத்திலிருந்து வெளியேறிவிடும் தகப்பனால் இதைச் செய்ய முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், பழைய கிராணி, தோட்டத்தை விட்டுப் போய்க் கடை வைத்தவர் என்று நினைவும் நேரமும் உள்ளவர்கள்தான் செய்தார்கள். சொந்தப் பணம் போட்டு வழக்கறிஞர் கட்டணம் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் இல்லையென்றால் இன்று பல பள்ளிகளின் பெயர் பழைய பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் செய்த நன்மை கணக்குக் காட்டாமல் இருப்பதற்கு உரிமை ஆகாது. பழைய தோட்டங்களில் கோயில் கமிட்டியில் இருப்பவர்களே வாரியத்திலும் இருப்பார்கள். திருவிழாவுக்கு ஆண்டுக்கொரு முறை ஊர் கூடும்போது கோயில் வரவுசெலவை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள், பத்து ரிங்கிட் கொடுத்தவர் பெயர்கூட வரும். அதே மனிதர்கள் பள்ளி விஷயத்தில் வாய் திறப்பதில்லை. கெட்ட எண்ணம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. துரை காலத்துப் பழக்கம்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது, நிர்வாகம் என்றால் கீழே விளக்கம் சொல்லத் தேவையில்லை என்ற பழக்கம்.

அந்தப் பழக்கத்தை இந்த மாநிலத்துத் தமிழரே ஒருமுறை உடைத்திருக்கிறார்கள். தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளி மாதாமாதம் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே உறுப்பினர்கள், கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உரிமையோடு. அந்தத் தொழிலாளிக்கு முடிந்தது பேரப்பிள்ளை படிக்கும் பள்ளியில் ஏன் முடியாது?

பக்கத்து வீட்டையும் பார்க்கலாம். சீனப்பள்ளிகளுக்கும் வாரியம் உண்டு, அங்கும் சண்டை சச்சரவு உண்டு. ஆனால் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் சுவரில் பொறித்து வைப்பார்கள். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்லி, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று விதித்திருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளி வாரியங்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து விடுவது அம்மாக்கள்தான், வீட்டுப்பாடம் பார்ப்பதும் அவர்கள்தான்.

சங்கத்தையும் சும்மா விட முடியாது. ஆண்டுக் கூட்டத்துக்கு வருபவர்கள் குறைவு, வந்தவர்களும் சாப்பாடு வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். சட்டைக் கணக்கை அரைமணி நேரம் பேசுகிறோம், நிலப் பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு வாரியம் தானாக வந்து பதில் சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் தீர்ப்பு இதுதான்: பதில் சொல்லும் முறை சங்கத்திடம் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய விஷயம் வாரியத்திடம் இருக்கிறது. சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலேயே வாரியத் தலைவருக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். உறுப்பினர் பட்டியல், நிலப் பத்திரத்தின் நகல், அந்த ஆண்டு வந்த மானியம், செலவு ஆகிய நான்கையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அடுத்த கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வரும்போது, பெற்றோர்களே, இதை எழுத்துமூலம் தீர்மானமாகக் கொடுங்கள். கணவனும் மனைவியுமாகப் போய் உட்கார்ந்து, பதில் வரும்வரை எழாமல் இருங்கள்.