நிலமேயின் உடையும் துணியின் ஓரமும்

கண்டி எசல பெரஹராவைப் பார்த்தவர், தியவடன நிலமேயின் இடையைச் சுற்றிப் புடைத்து நிற்கும் துணியைக் கண்டு வியவாதிருத்தல் அரிது. கெஜக் கணக்கில் நீளும் அத்துணி, சுற்றியும் மடித்தும் செருகியுமே உடையாகின்றது. கத்தரிக்கோலுக்கு அங்கே அதிக வேலையில்லை. ஆகவே ஓரம் பிசிர்விடும் என்னும் கவலையும் குறைவு.

காரணம் தறியிலேயே இருக்கின்றது. ஊடைநூல் பாவைக் கடந்து ஓரத்தை அடைந்ததும் வளைந்து மீளுகின்றது. அவ்வளைவே கரை. இரு பக்கங்களையும் நெசவாளனே பூட்டிவிடுகின்றான். இரு தலைப்புகளில் மட்டும் பாவுநூல்கள் கட்டின்றி நிற்கும். அவற்றைக் குஞ்சமாக முடிதல் பழைய வழக்கம்.

மேற்சட்டையின் கதை வேறு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில் பிரபுக்களின் உடையை விவரிக்கின்றார். வெள்ளை அல்லது நீலப் பருத்திச் சட்டை; இடையில் ஒரு வெள்ளைத் துணி; அதன்மேல் நிறத்துணி. ஒரே உடலில் இரு மரபுகள்: கீழே சுற்றியது, மேலே வெட்டித் தைத்தது.

கழுத்தும் கைக்குழியும் வளைவாக வெட்டப்படல் வேண்டும். வெட்டியவுடன் நூல்கள் கட்டவிழ்கின்றன. சாய்வாக வெட்டிய இடமோ இழுபட்டு உருவும் மாறும். பட்டும் மஸ்லினும் வழுக்குவதால் தொல்லை இரட்டிக்கும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டிக்குச் சொந்தத் துறைமுகமே இல்லாத அந்நாளில், கடல் கடந்து வந்த மெல்லிய துணியை வீணாக்கத் தையற்காரன் துணிவானோ? இன்றும் நிலமேயின் சட்டை ஓரத்தில் மின்னும் சரிகைப் பட்டையை நாம் அலங்காரமென்றே எண்ணுகின்றோம். அப்பட்டை வெட்டுவாயை மூடிக் காக்கவும் வல்லது என்பதைத் தைப்பவர் அறிவர்.

பட்டை பொருந்தாத மெல்லிய துணிக்கு வேறு வழியுண்டு. இரு துண்டுகளின் உட்புறங்களை ஒன்றோடொன்று பொருத்தி முதலில் வெளிப்பக்கமாகத் தைத்து, ஓரத்தை ஒட்ட நறுக்கி, பின் உள்ளே திருப்பி மறுமுறை தைத்தால் பிசிர் தையலுக்குள்ளேயே அடைபட்டுவிடும். பொறுமையற்றவர் முதல் தையலோடு நின்றுவிடுவர். சலவைக்குப் போய்வந்ததும் சட்டை அதனைச் சொல்லிக்காட்டும்.

கண்டி மணப்பெண்ணின் ஒசரியில் இடையைச் சுற்றி நிற்கும் கொசுவம், சேலையின் தலைப்பிலிருந்தே மடித்து எடுக்கப்படுவது. உடுத்தும் எளிமை கருதி இன்று சிலர் அதனைத் தனியே வெட்டித் தைத்து வைக்கின்றனர். எளிமைதான், ஆனால் நெசவாளன் பூட்டிய கரையும் முடிந்த தலைப்பும் செய்த வேலையை இனித் தையற்காரியின் ஊசியே செய்தாக வேண்டும்.