பறக்கும் கூரைகளும் காப்புறுதியும்: மலையகத்தில் நட்டம் யாருடையது?

ஆண்டுதோறும் மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் மோதத் தொடங்கியதும், பத்திரிகைகளின் பிராந்தியச் செய்திப் பக்கங்களில் ஒரே விதமான செய்திகள் இடம்பெறத் தொடங்கிவிடும். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று ஊர்ப்பெயர் மாறுமேயன்றிச் செய்தி மாறுவதில்லை. நள்ளிரவில் வீசிய காற்றில் லயன் குடியிருப்பின் கூரைத் தகரங்கள் அள்ளுண்டு போயின. குடும்பங்கள் தோட்டப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டுள்ளன. தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் சேத விபரங்களைத் திரட்டி வருகின்றனர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். திரட்டப்பட்ட விபரங்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்பது செய்தியாவதில்லை.

அதே காற்று ஹட்டன் நகரில் ஒரு கடை வீட்டின் கூரையைக் கிளப்பினால், வீட்டுக்காரர் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறார். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கிறார். கூடவோ குறையவோ ஒரு தொகை கிடைக்கிறது. நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் இரண்டு மைல் தூரமே இருக்கலாம். ஆயினும் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்ற கேள்விக்கு இவ்விரண்டு இடங்களிலும் கிடைக்கும் விடைகள் வேறு வேறானவை. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ளாமல் ஒவ்வோர் ஆண்டும் தகரம் வழங்கும் வைபவங்களை நடத்துவதில் பயனில்லை என்பதே நமது கருத்தாகும்.

முதலில் கூரையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, கீழிருந்து தூக்குகிறது. கூரையின் மேலாக விரைந்து செல்லும் காற்று அங்கே அமுக்கத்தைக் குறைக்க, இஸ்தோப்பு வழியாகவும் உடைந்த சன்னல் வழியாகவும் உட்புகும் காற்று உள்ளிருந்து தள்ள, தகரம் ஆணியோடு பிடுங்கப்படுகிறது. தாழ்வாரத்து ஓரமும் முகடும் முதலில் போகும். லயன் என்பது பல காம்பராக்களை ஒரே முகட்டின் கீழ் அடுக்கிய கட்டடம் என்பதால், ஒரு காம்பராவின் மேல் ஒரு தகரம் கிளம்பினால் அடுத்த வீட்டின் தகரத்துக்கும் பிடிமானம் போய்விடுகிறது. பழைய லயன்களில் தகரத்தைத் தாங்கும் சட்டங்கள் உக்கியிருக்கும். ஆணித் துவாரங்கள் துருப்பிடித்து அகன்றிருக்கும். தகரத்தின் மீது கல்லையும் மணல் மூட்டையையும் பழைய டயரையும் ஏற்றிவைக்கும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. அந்தக் கல்லே காற்றில் உருண்டு கீழே உறங்குபவர் மீது விழக்கூடும் என்பது தெரிந்தும் மக்கள் அதனைச் செய்கின்றனர்.

இனி உரிமையைப் பார்ப்போம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிர்வகித்தன. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக அது வரையறுக்கப்பட்டது. அக்குத்தகை 2045 வரை நீடிக்கும். எனவே ஒரு லயன் காம்பராவின் நிலம் அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது, நான்கு தலைமுறையாக அதில் வாழ்ந்து, சொந்தச் செலவில் குசினியைக் கட்டி, தரைக்குச் சீமெந்து போட்டு, தகரம் மாற்றிய குடும்பத்துக்கு அதில் எழுத்தில் எதுவுமில்லை.

காப்புறுதிச் சட்டம் கேட்பதோ எழுத்தைத்தான். தீக் காப்புறுதி, ஆயுட் காப்புறுதி ஆகிய விடயங்களில் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்பது 1852 ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இந்நாட்டுக்கு வந்த விதியாகும். அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று, காப்புறுதி செய்பவருக்கு அந்தப் பொருளில் சட்டம் ஏற்கும் ஒரு நலன் இருக்க வேண்டும் என்பதாகும். பொருள் அழிந்தால் தனக்கு நட்டம் என்று காட்ட முடியாதவர் அதன்மீது காப்புறுதி பெற முடியாது. பிறருடைய வீட்டின் மீது பந்தயம் கட்டுவதைத் தடுக்க ஏற்பட்ட நல்ல விதிதான் இது. ஆனால் உக்கிய கூரையின் கீழ் உண்மையில் நட்டப்படுபவர் குடியிருப்பாளர், காகிதத்தில் நட்டப்படுபவர் வேறொருவர் என்னும் நிலை வரும்போது அந்த நல்ல விதி தலைகீழாகிவிடுகிறது. காப்புறுதி செய்யக்கூடியவர் கூரையின் கீழ் உறங்குவதில்லை. உறங்குபவரால் காப்புறுதி செய்ய முடிவதில்லை.

கம்பனி தனது தொழிற்சாலையையும் இயந்திரங்களையும் காப்புறுதி செய்வது வர்த்தக வழமை. லயன்களும் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்று தொழிற்சங்கங்கள் கேட்டதாக நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எத்தனையோ விடயங்கள் அடுக்கப்படுகின்றன. இந்த ஒரு கேள்வியையும் அதில் சேர்த்துக்கொள்வதற்குச் செலவு எதுவுமில்லை. லயன் காப்புறுதி செய்யப்பட்டிருந்தாலும்கூட, நட்டஈடு காப்புறுதி செய்தவருக்கே போகும். நனைந்த மெத்தைக்கும், ஊறிப்போன அரிசிக்கும், பிள்ளையின் பாடப் புத்தகங்களுக்கும் அதில் இடமில்லை.

இங்கே பலரும் அறியாத ஒன்றைக் கூறிவைக்கிறோம். கட்டடம் யாருடையதாயினும் வீட்டினுள் உள்ள பொருட்கள் குடியிருப்பவருடையவை. அவற்றில் அவருக்கு முழு நலன் உண்டு. உறுதிப்பத்திரம் இல்லாதவரும் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் காப்புறுதி கோரலாம் என்பதே சட்டக் கோட்பாட்டின் நிலை. லயன்களுக்கு அத்தகைய சிறு காப்புறுதியை வழங்க நிறுவனங்கள் எந்தளவுக்கு முன்வரும் என்பது வேறு விடயம். ஒரு குடும்பமாகச் சென்று கேட்பதை விட, கூட்டுறவுச் சங்கமாகவோ தோட்டத்து மரண உதவிச் சங்கமாகவோ திரண்டு கேட்டால் காதுகொடுப்பார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக 2016 இல் தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. குடிமகன் தவணைப்பணம் கட்டாமலே, வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை வழங்குவது அதன் ஏற்பாடு. அவ்வாண்டு மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தபோது அத்திட்டத்தின் தேவை நாட்டுக்கே புலப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டு, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை மண்ணில் புதைத்தபோது, முற்றாக அழிந்த வீட்டை மீளக்கட்ட 50 இலட்சம் ரூபாவும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது.

இவை யாவும் பேரனர்த்தத்துக்கான ஏற்பாடுகள். நாம் பேசுவது யூலை மாதத்து வியாழக்கிழமை இரவொன்றில் அள்ளுண்டு போகும் ஆறு தகரங்களைப் பற்றி. அதற்கு அவசரகால நிலை பிரகடனம் செய்யப்படுவதில்லை, அமைச்சர் வருவதில்லை, வெளிநாட்டு உதவி வருவதில்லை. தோட்ட நிர்வாகம் களஞ்சியத்தில் தகரம் இருந்தால் கொடுக்கும். இல்லையேல் பல நாட் கூலியைக் கொடுத்து வாங்க வேண்டும். உள்ளூராட்சி சபையிடம் போகலாமென்றால், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாதவாறு நீண்டகாலம் கைகளைக் கட்டியிருந்தது. 2018 இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. வரி கட்டுகிற, வாக்களிக்கிற மக்களுக்கு 31 ஆண்டுகள் தாமதித்து வந்த திருத்தம் அது.

சொந்த வீடு பெற்றவர்களின் நிலை சற்று வேறானது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது லயனிலிருந்து வெகு தூரம். ஆனால் தனி வீட்டின் கூரை பழுதானால் நிர்வாகத்தின் கதவைத் தட்ட முடியாது. அது வீட்டுக்காரரின் பொறுப்பு. வீடு கையில், உறுதி கையில் இல்லை என்ற நிலையில் இருப்பவர் இரண்டு பக்கத்தாலும் அடிபடுகிறார்: கம்பனியும் பொறுப்பேற்காது, காப்புறுதி நிறுவனமும் தயங்கும். ஆகையால் வீட்டோடு உறுதியையும் பதிவு செய்து கொடுப்பது சம்பிரதாயமன்று. கூரையைப் பாதுகாக்கும் வேலையின் ஒரு பகுதியே.

உறுதியுள்ளவர்களும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் தமிழ், முஸ்லிம் வீட்டுச் சொந்தக்காரர்களும் தமது காப்புறுதி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து வாசிப்பது நலம். வங்கிக் கடனுக்காகச் செய்த காப்புறுதி இருப்பதையே மறந்துவிட்டவர்கள் பலர். வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் தீக் காப்புறுதியாகவே எழுதப்படுகிறது. புயல், சூறாவளி, வெள்ளம் என்பன மேலதிகமாகச் சேர்க்கப்படுபவை. மண்சரிவு அதில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று மலைநாட்டவர் கட்டாயம் பார்க்க வேண்டும். கூரையை எடுத்தது காற்றா, சரிந்த மண்ணா என்பதில் முழு நட்டஈடும் தங்கியிருக்கலாம். பக்கச் சுவர் கல்லா, பலகையா, தகரமா என்பதை விண்ணப்பத்தில் உள்ளபடி எழுத வேண்டும். பின்னால் இறக்கிய தகரக் கொட்டிலை எழுதாமல் விட்டுவிட்டு, அது பறந்த பின்னர் பணம் கேட்பது வீண்.

மழைநீர் பற்றியும் ஒரு பொது விதி உண்டு. காற்று முதலில் கூரையைத் திறந்து, அவ்வழியே மழை புகுந்தால் உள்ளே ஏற்பட்ட சேதம் ஏற்கப்படும். ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த கூரை மேலும் ஒழுகினால் அது தேய்மானம் எனத் தள்ளப்படும். பெரும்பாலான பிணக்குகள் பிறப்பது இந்த இடத்தில்தான். பருவமழைக்கு முன்னரே கூரையைத் திகதியுடன் படம் பிடித்து வைப்பதும், ஆணியும் சட்டமும் மாற்றிய பற்றுச்சீட்டைப் பாதுகாப்பதும் அப்போது கைகொடுக்கும். கூரை போன பின்னர் மேலும் நனையாமல் தறப்பாள் போடுவது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் உடைந்த தகரங்களை மதிப்பீட்டாளர் பார்க்குமுன் அப்புறப்படுத்தக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய பொறி, சராசரி விதி எனப்படுவது. மீளக்கட்ட 40 இலட்சம் ரூபா வேண்டிய வீட்டை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 4 இலட்சம் ரூபா கூரைச் சேதம் ஏற்பட்டால், அவர் பாதியைத் தாமே காப்புறுதி செய்ததாகக் கருதி 2 இலட்சம் ரூபாவையே கொடுப்பார்கள். அதிலும் ஒப்பந்தப்படி அவர் ஏற்க வேண்டிய பங்கு கழியும். 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, சீமெந்தும் தகரமும் இரும்பும் எட்டாத உயரத்துக்குப் போனதை யாவரும் அறிவர். அதற்கு முந்திய தொகையை மாற்றாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருவோர், தாம் முழுப் பாதுகாப்பில் இருப்பதாக எண்ணிக்கொண்டு அரைக் கூரையின் கீழ் இருக்கின்றனர்.

வட்டியும் நிச்சயமின்மையும் கலந்தது என்பதால் வழமையான காப்புறுதியைத் தவிர்க்கும் முஸ்லிம் சகோதரர்களுக்கு தகாஃபுல் முறை உண்டு. இலங்கையில் 1999 இல் அமானா தகாஃபுல் நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் அது புழக்கத்தில் இருந்து வருகிறது. பங்குபற்றுவோர் நன்கொடையாக இட்ட பொதுநிதியிலிருந்து நட்டப்பட்டவருக்கு உதவுவது அதன் அடிப்படை. யோசித்துப் பார்த்தால், ஒருவர் இறந்தால் தோட்டமே காசு போட்டு அடக்கச் செலவைப் பார்க்கும் மரண உதவிச் சங்கத்தின் தத்துவமும் இதற்கு மிக அண்மையில்தான் நிற்கிறது. பரஸ்பர உதவி நம் மக்களுக்குப் புதிதன்று. கூரைக்கு அது இன்னும் விரிவடையவில்லை, அவ்வளவே.

லயன்களைப் பொறுத்தவரை நாம் முன்வைப்பது இதுதான். உறுதி வழங்கி முடியும்வரை காத்திராமல், கம்பனிகளும் அரசும் சேர்ந்து ஒவ்வொரு தோட்டத்தின் குடியிருப்புகளுக்கும் கூட்டுக் காப்புறுதி எடுக்க வேண்டும்; அதில் நட்டஈட்டைப் பெறுபவராகக் குடியிருக்கும் குடும்பத்தின் பெயர் எழுதப்பட வேண்டும். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு தகரத்தையும் எண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாக, காற்றின் வேகம் குறித்த அளவைத் தாண்டியதும் பணம் வழங்கும் முறையும் இன்று உலகில் உண்டு. கரிபியன் நாடுகள் 2007 இல் இவ்வாறான ஒரு கூட்டு நிதியத்தை ஏற்படுத்தி, சூறாவளியின் பின்னர் இரண்டு வாரங்களுக்குள் அரசுகளுக்குப் பணம் கிடைக்கச் செய்தன. அம்முறையைப் பின்பற்றுவதாயின் காற்றை அளக்க வேண்டும். நுவரெலியாவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையம் உண்டு. ஆனால் மலைநாட்டில் காற்று பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடும். நுவரெலியாவில் அளந்த காற்றை வைத்து மஸ்கெலியாவுக்கு நட்டஈடு கணக்கிட முடியாது. தோட்டந்தோறும் காற்றுமானி வைப்பது பெரிய செலவன்று. பல தோட்டங்களில் மழைமானி வெள்ளையர் காலத்திலிருந்தே இருக்கிறது.

நகரத்தில் காப்புறுதி செய்து, கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் முதலில் நிறுவனத்திடமிருந்து மறுப்பை எழுத்தில் பெற வேண்டும். அதன் பின்னர் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். தோட்டத்தில் இருப்பவர்கள், கூரை சிறிதளவு போனாலும் கிராம உத்தியோகத்தரிடம் அறிவித்துப் பதிவு செய்வித்து, அதன் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை கூட்டுக் காப்புறுதி பற்றிப் பேச்சு எழும்போது, எத்தனை தோட்டங்களில் எத்தனை கூரைகள் எத்தனை முறை போயின என்பதற்கு அந்தப் பதிவுகளைத் தவிர வேறு கணக்கு இருக்காது.