சோணரின் நடைபாதை

பாலி நூல்கள் தியான நடையைச் ‘சங்கம’ என்கின்றன. கூடலைக் குறிக்கும் நம் ‘சங்கமம்’ வேறு. இது அடிவைத்தலைக் குறிக்கும் ‘க்ரம்’ என்னும் வேர் இரட்டித்துப் பிறந்த சொல். ‘நடந்து நடந்து’ என்று நாம் அடுக்குவது போல. நடையையும் அதற்கென அமைத்த பாதையையும் அச்சொல்லே குறித்தது.

அங்குத்தர நிகாயம் இந்நடைக்கு ஐந்து பயன்கள் கூறுகிறது: நெடுவழி செல்லும் ஆற்றல், முயற்சி தாங்கும் திறன், நோயின்மை, உண்டது செரித்தல், நடையில் எய்திய மன ஒருமை நெடிது நிற்றல். இன்று முதலில் சொல்லப்படும் பதற்றத் தணிவு அதில் தனியே இடம்பெறவில்லை. மாறாக, நடந்தே மனம் நொந்த ஒருவரை விநயபிடகத்தின் மகாவக்கம் காட்டுகிறது.

சம்பா நகரத்துச் செல்வர் மகன் சோணர். உள்ளங்கால் மென்மையானவர். இராசகிருகத்தின் சீதவனத்தில் துறவியாக ஓயாது நடந்தார். கால் வெடித்துப் பாதை குருதியில் நனைந்தது. இத்தனை முயன்றும் விடுதலை வாய்க்கவில்லையே, வீடு திரும்பிவிடலாமா என்று எண்ணினார். ஆய்வேட்டின் நான்காம் ஆண்டில் இருப்போர்க்கு அந்த எண்ணம் புதிதன்று.

புத்தர் கூறிய வீணை நரம்பு உவமை பலரும் அறிந்தது: மிக முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை பிறவாது. ஆனால் அக்கதை இடம்பெறுவது தோற்பொருள் பற்றிய இயலில் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உவமையோடு அவர் நிறுத்தவில்லை. ஒற்றைத் தோல் செருப்பணியச் சோணருக்கு இசைவளித்தார். தமக்கு மட்டுமெனில் வேண்டாம் என்றார் சோணர். அதன்பின் துறவியர் அனைவர்க்கும் அவ்விசைவு கிட்டியது.