பச்சையப்பன் கல்லூரி மெட்ரோ நிலையம்

சென்னை மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் உள்ள சுரங்க நிலையம். பூந்தமல்லி நெடுஞ்சாலை எனப் பழகிப்போன ஈ.வெ.ரா. பெரியார் சாலையை ஒட்டி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, ஷெனாய் நகர் நிலையங்களுக்கு இடையே அமைந்துள்ளது. திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரையிலான பாதையுடன் 2017 மே 14 அன்று திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட முதல் சுரங்க மெட்ரோப் பாதை அதுவே. நேரு பூங்காவிலிருந்து சென்ட்ரல் வரை ரயில் ஓட மேலும் ஓராண்டு ஆயிற்று.

பெயர் தந்த கல்லூரி நிலையத்தைவிட மிகப் பழையது. வள்ளல் பச்சையப்ப முதலியார் (1754–1794) விட்டுச்சென்ற அறக்கொடையிலிருந்து 1842இல் பள்ளியாகத் தொடங்கி, 1889இல் கல்லூரியாகி, 1940இல் ஜார்ஜ் டவுனிலிருந்து சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது. கணிதமேதை இராமானுஜன் எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்) தேர்வில் தேறாமல் போனதும், சி.என். அண்ணாதுரை பட்டம் பெற்றதும் பழைய வளாகக் காலத்தில்தான்.

மேல்தளத்தில் பயணச்சீட்டு மையமும் சோதனை வாயில்களும், கீழ்த்தளத்தில் நடைமேடையும் உள்ளன. நடைமேடை விளிம்பில் கண்ணாடித் தடுப்புக் கதவுகள்; ரயில் நின்றபின் அதன் கதவுகளோடு சேர்ந்தே இவையும் திறக்கும். மாநகரப் பேருந்தில் ஃபுட்போர்டு அடித்தும் 'பஸ் டே' கொண்டாடியும் பேர்போன இக்கல்லூரி மாணவர்களுக்கு இங்கே அந்த வசதி கிடையாது: கதவு மூடாமல் வண்டி நகராது. சென்னை மெட்ரோ இலகு ரயில் அன்று. 25 கிலோவோல்ட் மேல்நிலை மின்கம்பியில் ஓடும் முழு மெட்ரோ.