கட்டிலருகே நின்ற பொலிஸ்காரர்

புத்தூர் செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் தோட்டங்கள் நிறைந்த ஊர். வெளியூரார் நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருவர். எங்களுக்கோ தோட்டமே உலகம். நான் சிறுவனாயிருந்த எழுபதுகளின் இறுதியில், அநேகமாக ஒவ்வொரு தோட்டக்காரர் வீட்டிலும் தாழ்வாரத்து மூலையில் ஒரு போத்தல் இருக்கும். அதை நஞ்சென்று எவரும் சொல்வதில்லை. ‘மருந்து’ என்றே சொல்வர்.

1982ஆம் ஆண்டளவில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அந்த மருந்தைக் குடித்துவிட்டார். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். அப்பாவுடன் நானும் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலின் ஒரு பக்கத்தில் தாயார். மறுபக்கத்தில் குறிப்புப் புத்தகத்துடன் ஒரு பொலிஸ்காரர். “பிள்ளை தெரியாமல் குடிச்சிட்டான் ஐயா, இருமல் மருந்தெண்டு நினைச்சவன்” என்று தாயார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யென்பது பொலிஸ்காரருக்கும் தெரிந்திருக்கும். எழுதிக்கொண்டு போய்விட்டார். “அவர் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லையே, பிறகேன் பொலிஸ்?” என்று வரும் வழியில் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

பதில் சட்டத்தில் இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்தது. ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். இச்சிந்தனையை இங்கு கொண்டுவந்த இங்கிலாந்து தனது சட்டத்தை 1961இல் மாற்றிக்கொண்டது. நாமோ அதன் பின்னரும் 37 ஆண்டுகள் அதைக் கைவிடவில்லை. 1997இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதிக் குழுவின் முயற்சியை அடுத்து, 1998இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது.

தண்டனைக்கு அஞ்சி மனிதன் தன் நடத்தையை மாற்றிக்கொள்வான் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. அது பலித்ததா? சட்டம் நடைமுறையில் இருந்த 1995ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 ஆக உயர்ந்தது. அன்றைய உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. சட்டம் சாதித்தது ஒன்றே: நான் கண்ட தாயைப் போல எத்தனையோ தாய்மாரைப் பொய் சொல்ல வைத்தது. மருத்துவரிடம் உண்மை சொல்லப்படாத இடத்தில் மனநோய்க்குச் சிகிச்சை எங்ஙனம் கிடைக்கும்?

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இன்னும் சிக்கலானது. போர்க்காலத்தில் இங்கு தற்கொலை விகிதம் குறைந்ததைப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் ராஜதுரையும் 1995இல் வெளிவந்த ஆய்வொன்றில் எடுத்துக்காட்டினர். பொது ஆபத்து மக்களை ஒன்றாக இறுக்கும்போது தற்கொலை குறையும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இலேயே எழுதியிருந்தார். அச்சட்டப் பிரிவு போருக்கு முன்னும் ஒன்றே, போரின்போதும் ஒன்றே. மாறியது சூழல்.

நாட்டின் விகிதத்தைப் பின்னர் இறக்கியதும் சூழல் மாற்றமே. பரத்தியோன் வகை மருந்துகள் 1984இல் தடைசெய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் அதிகூடிய நச்சுத்தன்மை கொண்டவையாக வகுத்த எஞ்சிய மருந்துகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் கட்டுப்படுத்தப்பட்டன. டேவிட் குன்னெல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில், அதற்கு முந்திய பத்தாண்டுகளைவிட 19,769 தற்கொலைகள் குறைவு. 2008 முதல் மேலும் சில மருந்துகள் படிப்படியாக நீக்கப்பட்டன. 1995க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாகப் பின்னைய மதிப்பீடொன்று கூறுகிறது. இத்தடைகளால் விளைச்சல் குறையவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

காரணம் எளிது. நஞ்சருந்திப் பிழைத்தவர்களை விசாரித்த ஆய்வுகள், அவர்களுள் பெரும்பாலோர் நீண்ட காலம் திட்டமிட்டவர்கள் அல்லர் என்று கண்டன. ஒரு கொந்தளிப்பான வேளை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு போத்தல். அந்த வேளையில் எவர் தண்டனைச் சட்டத்தை நினைப்பார்? அதைக் கடந்துவிட்டால் வாழவே விரும்புவார்கள்.

போத்தலைப் பூட்டிவைத்தால் போதாதா என்றும் சோதித்துப் பார்த்தார்கள். அநுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களைத் தெரிந்து, ஒரு பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகள் வழங்கினர். 2017இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. நஞ்சருந்துதல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. களைத்து வரும் கமக்காரர் நாள் தவறாமல் பெட்டியைப் பூட்டுவாரென எதிர்பார்ப்பது வேறு. உயிர்கொல்லியைக் கடையிலேயே இல்லாமற் செய்வது வேறு.

இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இரு மாணவிகள் ஒரு விதையை உண்டு இறந்த செய்தியைப் பத்திரிகைகள் விரிவாக வெளியிட்டன. அதற்குப் பின் அவ்வழி வடபகுதியெங்கும் பரவியது. அவ்விதையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் தொண்ணூறுகளில் பத்திரிகை அலுவலக மேசையிலிருந்து, வழியையும் காரணத்தையும் தலைப்பிலேயே போட்டு இத்தகைய செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன். வியன்னா நகரின் பத்திரிகைகள் 1987இல் சுரங்க ரயில் தற்கொலைச் செய்திகளை அடக்கி எழுதத் தொடங்கியதும் அங்கு அவை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன என்பதை நான் அறிந்தது வெகுகாலம் கழித்துத்தான். என் தலைப்புகளைப் படித்தவர்களுள் எவரேனும்... அக்கேள்வியை என்னால் முடிக்க இயலவில்லை.

சிங்கப்பூர் 2020இலும் மலேசியா 2023இலும் இக்குற்றத்தை நீக்கின. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தண்டனையைப் பெரிதும் செயலிழக்கச் செய்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டக்கோவையில் பழைய 309ஆம் பிரிவு இல்லை.

எங்கள் ஒழுங்கை இளைஞர் பின்னர் திருமணம் செய்தார், பேரப்பிள்ளைகளையும் கண்டார். அன்று அக்கட்டிலருகே நின்றிருக்க வேண்டியவர் பொலிஸ்காரர் அல்லர். பேச்சைக் கேட்க ஒருவர். இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற இலக்கங்களில் இன்று அப்படியொருவர் இருக்கிறார். தேவைப்படுவோர் தயங்காமல் அழைக்கவும்.