நாடக அரங்கக் கல்லூரி பிறந்த கதை

எழுபதுகளின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பற்றிய பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஒன்று நடந்தது. அதைப் படிக்கப் போனவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர். பெயர் ம. சண்முகலிங்கம், ஊரெல்லாம் அழைத்தது குழந்தை சண்முகலிங்கம் என்று. 1931இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர், சென்னையில் பட்டம் பெற்றவர், செங்குந்த இந்துக் கல்லூரியில் படிப்பித்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மேடை அவருக்குப் புதிதல்ல, நடித்திருக்கிறார், எழுதியிருக்கிறார். அந்த வயதிலும் அந்த அனுபவத்தோடும் ஒருவர் மறுபடி மாணவராகப் போய் இருந்ததால் குடாநாட்டுக்குக் கிடைத்ததுதான் நாடக அரங்கக் கல்லூரி. 1978இல் பிறந்தது.

படித்துவிட்டு வந்தவர் தானே முன்னால் நின்று இன்னும் பெரிய நாடகங்களைப் போட்டிருக்கலாம். ஊர் மெச்சியிருக்கும். அவர் செய்தது வேறு. தான் கற்றதை மற்றவர்களும் கற்பதற்கு ஓர் அமைப்பை முதலில் உண்டாக்கினார். கலை அமைப்புக்குத் தலைமை தாங்குவது எப்படி என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நான் முதலில் காட்டுவது இந்த ஒரு முடிவைத்தான்.

அதற்கு முன் குடாநாட்டில் கலைக்குத் தலைமை தாங்கியவர் யார்? கூத்துக்கு அண்ணாவியார். அவர் வேலையை ஒரு பெயருக்குள் அடக்க முடியாது. எந்தக் கூத்தை இந்த வருடம் ஆடுவது, யாருக்கு எந்த வேடம், யாருடைய குரல் எந்த மெட்டுக்குத் தாங்கும் என்பதெல்லாம் அவர் கணக்கு. மாதக்கணக்கில் இரவில் ஒத்திகை. தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்து களைத்து வருபவர்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். உறவுக்குள் பகை இருந்தால் கூத்து முடியும் வரையாவது அதைத் தணிக்க வேண்டும். செலவை ஊரிடம் கேட்க வேண்டும். பிறகு வெள்ளுடுப்பு என்ற முழு ஒத்திகை, அதன் பிறகு அரங்கேற்றம். பாசையூரிலும் குருநகரிலும் கத்தோலிக்கக் கூத்துகள் இப்படித்தான் மேடையேறின. காத்தவராயன் கூத்தும் அப்படியே. நெறியாளர், ஆசிரியர், பாடகர், முகாமையாளர், பொருளாளர் என்று இன்று ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒருவர் தலையில் சுமந்தார்.

இசை நாடகத்துக்கு வேறு வகைத் தலைமை. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவின் வசந்த கான சபா அதற்கு உதாரணம். மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாக நிற்பதைப் பார்க்கவே சனம் கூடியது. சபாவின் பலம் அவருடைய குரலும் உடம்பும். நவீன மேடைக்கு முன்னோடி கலையரசு க. சொர்ணலிங்கம். பம்மல் சம்பந்த முதலியாரை வழிகாட்டியாகக் கொண்டு லங்கா சுபோத விலாச சபை வழியாகப் பயின்முறை நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்தவர். இவர்களெல்லாம் பெரியவர்கள். ஆனால் இந்த முறைகள் யாவற்றிலும் ஒரு பலவீனம் உண்டு: தலைவருடைய கையில் இருந்த வித்தை அவரோடு நிற்பவர்களுக்கு மட்டுமே போகும். அவர் ஓய்ந்தால் குழுவும் ஓய்ந்துவிடும்.

தெற்கில் அப்போது நாடகம் வேறு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திராவின் மனமே. 1967இல் ஹென்றி ஜயசேனா பிரெக்டின் நாடகத்தை ஹுணுவட்டயே கதாவ என்று சிங்கள மேடைக்குக் கொண்டு வந்தார். தமிழ்ப் பக்கத்தில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் படித்த மாணவர்களின் மேடைக்கு ஏற்றினார். கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. கொழும்பில் அ. தாசீசியஸ் மஹாகவியின் கோடை, புதியதொரு வீடு ஆகியவற்றை நெறிப்படுத்தினார். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பேசிய கந்தன் கருணையும் அந்தக் காலத்து மேடைதான். நாடகம் என்பது வசனத்தைப் பாடமாக்கி ஒப்பிப்பது மட்டுமல்ல, உடல், வெளி, ஒலி, ஒளி, பார்ப்போர் எல்லாம் சேர்ந்த ஒரு கலை, அதற்கு முறையான படிப்பு உண்டு என்ற எண்ணம் அந்த இருபது ஆண்டுகளில்தான் தமிழரிடையே வேர் பிடித்தது. கொழும்பு டிப்ளோமா அந்த மண்ணில் முளைத்தது.

அங்கே போய் வந்த சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த முக்கியமான பொருள் களப்பயிற்சி என்ற முறை. அதுவரை நாடகம் பழகுவது என்றால் ஒரு குறிப்பிட்ட நாடகத்தைப் பழகுவது. கையில் கொப்பி, வாயில் வசனம். நாடக அரங்கக் கல்லூரியில் நாடகத்துக்கு முன்னால் நடிகரைப் பழக்கினார்கள். உடலைத் தளர்த்துவது, குரலை வளர்ப்பது, விளையாட்டுகள் வழியாகக் கூச்சத்தைப் போக்குவது, ஒருவரை ஒருவர் நம்பப் பழகுவது, சொந்தக் கற்பனையில் ஒரு காட்சியைக் கட்டுவது. தாசீசியஸ் பயிற்சி தந்தார், நெறிப்படுத்தினார். மட்டக்களப்பின் ஆட்டமரபைக் கையிலும் காலிலும் கொண்டிருந்த சி. மௌனகுரு கூத்தின் அடவுகளை யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு இறக்கினார். கொழும்பில் பெயர் பெற்ற நாடகங்களும் மௌனகுருவின் சங்காரமும் புதியவர்களைக் கொண்டு இங்கே மேடையேறின. கடற்றொழிலாளர் வாழ்வைப் பேசிய தாசீசியஸின் பொறுத்தது போதும் அந்தக் காலத்தின் அடையாளம். சண்முகலிங்கமோ சிறுவருக்கென்று கூடி விளையாடு பாப்பாவை எழுதினார்.

சிறுவர் நாடகத்தைச் சிறிய வேலையாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் கணிப்பில் அந்த நாடகமே கல்லூரியின் கெட்டித்தனமான முடிவு. பெரியவர்களின் மேடைக்கு வருபவர் தொகை கொஞ்சம். பாடசாலைக்குள் நாடகம் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். பிள்ளைகள் நடிக்கும் நாளில் தாய் தகப்பன், ஆச்சி, அயல் எல்லாம் வந்து இருக்கும். சண்முகலிங்கம் ஆசிரியர் என்பதால் இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக வந்தபோது அதைப் படிப்பிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். கல்லூரி பழக்கிய கைகள் அதற்கு உதவின. பாடத்துக்கு ஆழம் தந்தவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒரு பக்கம் ஆய்வு, மறுபக்கம் களம், நடுவில் பாடசாலை. மூன்றும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் சேர்ந்தது எங்களுக்கு வாய்த்த பேறு.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒரு தேடல் நடந்தது. 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்ற நாடகப் பட்டறை. அதே ஆண்டில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை. இலங்கையில் க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் 1978இல் தொடங்கி உலக நாடகங்களைத் தமிழ் மேடைக்குத் தந்தது. எண்பதுகளில் லண்டனுக்குப் போன பின்னும் அது நாடகம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. நாடக அரங்கக் கல்லூரியின் வழி பாடசாலை வாசல் வழியாகப் போனது.

பிறகு போர் வந்தது. கல்லூரியின் கதையை மேடையேற்றப் பட்டியலாக எழுதினால் இந்த இடத்தில் அது மெலிந்துவிடும். ஆட்களின் கதையாக எழுதினால் இங்கேதான் விரிகிறது. 1985இல் சண்முகலிங்கம் எழுதிய மண் சுமந்த மேனியர் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் ஊரூராக மேடையேறியது. எடுத்துரைஞரும் கவிதையும் கூத்தின் அசைவும் கலந்த அந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் நாற்பது ஆண்டு கழிந்தும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பாதை அடைப்பு. அந்த இருட்டுக்குள்ளேதான் போர் மனதில் ஏற்படுத்திய காயத்தைப் பேசும் அன்னை இட்ட தீ வந்தது. பிள்ளைகள் வெளிநாடு போக, தனித்துப்போன முதியவர்களைப் பற்றிய எந்தையும் தாயும் வந்தது. பார்க்க வந்தவர்களில் பலர் அந்த நாடகங்களில் தங்கள் வீட்டைக் கண்டார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாடகக்காரரும் சனத்தோடு சனமாக நடந்தார்கள். தாசீசியஸ் அதற்கு முன்பே இங்கிலாந்து போய்விட்டார். மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே நுண்கலைத் துறையை வளர்த்தார். சிதம்பரநாதன் பார்ப்போரையும் பங்காளிகளாக்கும் அரங்கைத் தேடிப் போனார். கல்லூரி சிதறியது என்று இதைச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. விதைத்தவர் எதிர்பார்த்த பரம்பல்தான் இது, காரணம் மட்டும் கொடியது.

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். கலை நிறுவனங்களை நடத்துவது தனிப் படிப்பு என்று மேற்குலகம் ஏற்றுக்கொண்டது அறுபதுகளில். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் அரங்க முகாமைத்துவத்தை அப்போதே படிப்பிக்கத் தொடங்கியது. லண்டனில் சிற்றி பல்கலைக்கழகம் எழுபதுகளில். அந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்ட நூல்களில் ஒன்று 1966இல் வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர் எழுதிய ஆய்வு. அவர்கள் காட்டியதை எங்கள் ஊர்க் கச்சேரியை வைத்துச் சொல்லலாம். ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு திருவிழா மேளக் கச்சேரிக்கு இரண்டு நாதசுரமும் இரண்டு தவிலும் வேண்டும்; இன்றைக்கும் அதே நாலு பேர், அதே நேரம். ஆலையில் இயந்திரம் வந்து ஒருவர் பத்துப் பேரின் வேலையைச் செய்யும்போது கூலி எல்லா இடத்திலும் ஏறுகிறது; கலைஞருக்கும் அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ராகத்தை வேகமாக வாசித்துச் செலவைக் குறைக்க முடியாது. அதனால் மேடைக் கலையின் செலவுக்கும் வரவுக்கும் இடையிலான இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலும். அது கலைஞரின் குற்றமல்ல, கலையின் இயல்பு. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதைத்தான் இந்தப் படிப்புகள் சொல்லித் தருகின்றன: நிதி தேடல், கணக்கு, ஒப்பந்தம், பதிப்புரிமை, ஆவணப்படுத்தல், பார்ப்போரை வளர்த்தல், அடுத்த தலைமுறையிடம் பொறுப்பைக் கைமாற்றுதல்.

இந்தியாவில் 2015இல் நாடகக் குழுக்களை நடத்துவோருக்கென்று ஸ்மார்ட் என்ற பயிற்சித் திட்டம் தொடங்கியது. தங்கள் குழுவை விட்டு விலகாமலே நாடகக்காரர் நிர்வாகம் கற்க அது வழி செய்தது. எங்களுக்கு மிகவும் பொருந்தும் முன்மாதிரி அது.

யாழ்ப்பாணத்தில் இன்று கலைக்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ச. நடேசன் 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் போன்றவர்கள் வந்து தலைமை தாங்கினார்கள். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இன்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரில் தனிப் பீடமாக நிற்கிறது. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அறுபது ஆண்டைத் தொட்டுவிட்டது. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய அரசின் சுமார் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 11 மாடிக் கோபுரமும் 600 இருக்கை அரங்கும் கொண்ட பண்பாட்டு மையம் எழுந்து, 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. பெயரில் யாழ்ப்பாணம் என்ற சொல் இருக்க வேண்டும் என்று ஊர் குரல் கொடுத்தது, சேர்த்தார்கள். அதே மாதத்தில்தான் சண்முகலிங்கம் 93 வயதில் காலமானார்.

பெயருக்காக எழுந்த அந்தக் குரல் நியாயமானது. அதே அளவு சத்தமாகக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த அரங்கில் வருடத்தின் 365 நாளும் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கவும், அதற்குக் காசு தேடவும், வட்டுக்கோட்டைக் கூத்துக்காரரையும் பாடசாலைப் பிள்ளைகளையும் அந்த மேடைக்குக் கொண்டுவரவும் பயின்றவர்கள் எங்களிடம் எத்தனை பேர்? பாடவும் ஆடவும் வரையவும் பட்டம் கொடுக்கிறோம். அவற்றை நடத்தும் பொறுப்பை அனுபவத்திடமும் தியாகத்திடமும் விட்டுவிட்டோம். ஒரு தலைமுறை அந்தத் தியாகத்தைச் செய்தது. அடுத்த தலைமுறையிடமும் அதையே கேட்பது சரியில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடத்துக்கு என் வேண்டுகோள் இது. கலை, பண்பாட்டு நிறுவனத் தலைமைக்கென்று ஒரு பட்டப்பின் டிப்ளோமாவைத் தொடங்குங்கள். வகுப்பு சனி, ஞாயிறில் இருக்கட்டும். பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்கள், நாடகப் பாட ஆசிரியர்கள், சபாக்களையும் மன்றங்களையும் நடத்துபவர்கள் வேலையை விடாமல் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். பட்டம் இல்லாத அண்ணாவியார் ஒருவர் அங்கே விரிவுரையாளராக வந்து இருக்கட்டும். ஆய்வேடாக ஒவ்வொருவரும் ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டுத் திட்டத்தை எழுதட்டும். புலம்பெயர்ந்த எங்கள் நாடகக்காரரும் இசைக்காரரும் வருடத்தில் சில வாரம் வந்து படிப்பிக்கட்டும். பணம் அனுப்பத் தயாராக இருப்பவர்கள் இந்தப் படிப்புக்குப் புலமைப்பரிசில் கொடுங்கள். முதல் தொகுதியில் இருபது பேர் சேர்ந்தால் போதும்.